ஒரே நிலை மூன்று முறை வந்தும் நடுவர் ஏன் டிரா தரவில்லை?

தக்கலையிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். நாகர்கோவிலில் நடந்த ஓபன் செஸ் போட்டியில் அவருடைய பதின்மூன்று வயது மகள், வயதில் மூத்த ஒருவரோடு மோதியிருக்கிறாள். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் கடைசிக் கட்டத்தில் நன்றாகத் தாக்குப்பிடித்தாள். ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது என்று சொல்லி டிரா கேட்டாள். நடுவர் மறுத்ததோடு எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டியும் கொடுத்தார். அதற்குப் பின் ஆட்டம் கையைவிட்டுப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் கணினி நிரலில் போட்டுப் பார்த்தால் 0.00 என்று காட்டுகிறது. “டிரா ஆன ஆட்டத்தைத் தோல்வி என்று எப்படி எழுதலாம், யாரிடம் முறையிடுவது?” என்பது அவர் கேள்வி.

இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பலகையில் நின்ற நிலை உண்மையிலேயே டிராதானா? நடுவர் மறுத்தது சரியா? இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் மற்ற இரண்டுக்கும் விடை தானாக வந்துவிடும் என்று நினைத்துத்தான் அவர் கொதிக்கிறார். அப்படி வராது. நிலை டிரா என்பது வேறு, ஆட்டம் டிரா என்பது வேறு. நடுவில் ஆடுபவர் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதில்.

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகச் செஸ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். போட்டிகளில் நடுவராகவும் இருந்திருக்கிறேன். ஆனால் அன்று அந்த அரங்கில் நான் இல்லை. என் கையில் இருப்பது தந்தை எழுதியதும், அவர் இணைத்திருந்த ஸ்கோர் ஷீட்டின், அதாவது நகர்த்தல்களை எழுதும் தாளின் படமும்தான். ஆகவே தாளில் உள்ளதைப் பற்றி உறுதியாகப் பேசுகிறேன். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதில் என் சொல்லுக்கு அவ்வளவு எடை கொடுக்க வேண்டாம். தந்தையும் உள்ளே இருந்திருக்க மாட்டார். சுற்று தொடங்கியதும் பெற்றோரை வெளியே அனுப்பிவிடுவதுதான் வழக்கம். வராந்தாவில் சிப்ஸ் பொட்டலத்தோடு காத்திருந்து, கதவு திறக்கும்போதெல்லாம் பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஸ்கோரை ஊகிக்கும் பெற்றோர் கூட்டத்தை நான் நன்றாக அறிவேன்.

முதலில் நிலை. கட்டங்களைச் சொல்ல ஏ முதல் எச் வரை நெடுவரிசை, 1 முதல் 8 வரை கிடைவரிசை என்று வைத்துக்கொள்வோம். யானை என்று நான் சொல்வது ஆட்டத் தொடக்கத்தில் மூலையில் நிற்கும் காயை. கேரள எல்லையான களியக்காவிளை தாண்டி வந்து ஆடுகிறவர்கள் ஆனை என்றால் பிஷப்பைச் சொல்வார்கள் என்பதால் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். மகள் கறுப்பு. 51ஆவது நகர்த்தலில் வெள்ளை ஆடி முடித்தபோது வெள்ளையின் ராஜா டி5, சிப்பாய் ஈ5, யானை ஏ7. கறுப்பின் ராஜா ஈ8, யானை ஜி6. பலகையில் வேறு எதுவும் இல்லை.

இது டிராதான், இதில் ஐயமே கிடையாது. யானை ஆட்டமுடிவுகளில் மிகப் பழைய பாடம் இது. பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிதோர் 1777இல் இதை விளக்கி எழுதினார். அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. காக்கிறவரின் ராஜா, சிப்பாய் ராணியாகும் கட்டத்தின் மேல் அல்லது அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். யானை ஆறாவது வரிசையைக் காக்க வேண்டும். அந்த வரிசையில் யானை இருக்கும்வரை எதிரி ராஜா முன்னேற முடியாது. எனவே யானையை அதே வரிசையில் இங்கும் அங்கும் ஆட்டிக்கொண்டே இருக்கலாம். எதிராளி பொறுமையிழந்து சிப்பாயை ஈ6க்குத் தள்ளுகிறார் என்றால், அந்தக் கணமே யானை கீழே முதல் வரிசைக்கு இறங்கி, பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்க வேண்டும். சிப்பாய் ஈ6க்குப் போய்விட்டதால் வெள்ளை ராஜா ஒளிந்துகொள்ள அதன் முன்னால் இடம் இருக்காது. அதுவரை அவசரப்பட்டுக் கீழே இறங்கக் கூடாது. சிப்பாய் ஈ5இலேயே நின்றால் ஈ6 கட்டம் ராஜாவுக்கு நிழலாகிவிடும், காப்பாற்றும் வேலை கடினமாகிவிடும்.

உங்கள் மகள் 51 முதல் 55 வரை ஆறாவது வரிசையை விட்டு நகரவே இல்லை. இந்தப் பாடம் அவளுக்குத் தெரியும், அல்லது தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டில் எதுவானாலும் பாராட்டலாம். ஓபனிங்கில் பன்னிரண்டு நகர்த்தல்களை மனப்பாடம் செய்துவிட்டு, யானையும் சிப்பாயும் மிஞ்சினால் திருதிருவென விழிக்கிற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஸ்டாக்ஃபிஷ் காட்டிய 0.00 பற்றி ஒரு வார்த்தை. இனிமேல் இரண்டு பக்கமும் பிழையின்றி ஆடினால் யாரும் வெல்ல முடியாது என்பதுதான் அதன் பொருள். வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது என்று பாஸ்புக் சொல்வது போன்றது அது. கையில் வர வேண்டுமென்றால் படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டிங் லிரென் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தார், ஆனாலும் நிலை டிராதான். 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2இல் வைத்தார். குகேஷ் யானைகளை மாற்றி, பிஷப்புகளையும் மாற்ற வழி செய்தார். மிஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் டிங்குக்கு மீட்சி இல்லை. உலக சாம்பியனாக இருந்தவருக்கே 0.00 காவல் நிற்கவில்லை. எந்திரம் என்ன சொன்னது என்று நடுவரிடம் போய்க் காட்டுவதில் பயனில்லை. நடுவர் நிலையை மதிப்பிடுவதே இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. தாளில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். யாராவது பலகை வைத்திருந்தால் கூடவே நகர்த்திப் பார்க்கலாம். 51: வெள்ளை யானை ஏ7, கறுப்பு யானை எச்6. 52: வெள்ளை பி7, கறுப்பு ஜி6. 53: வெள்ளை ஏ7, கறுப்பு எச்6. 54: வெள்ளை சி7, கறுப்பு பி6. 55: வெள்ளை ஏ7, கறுப்பு ஜி6. நகர்ந்ததெல்லாம் யானைகள் மட்டுமே, ராஜாக்களும் சிப்பாயும் அசையவில்லை. 55ஆவது வரியில் ஜி6 என்று எழுதிய இடத்தில் பேனா சற்று அழுந்தியிருக்கிறது, அருகே ஒரு சிறிய வட்டமும் தெரிகிறது. அங்கேதான் அவள் டிரா என்று சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளை யானை ஏ7இலும் கறுப்பு யானை ஜி6இலும் நிற்கும் காட்சி மூன்று முறை வருகிறது, உண்மைதான். 51இல் வெள்ளை ஆடியதும், 53இல் வெள்ளை ஆடியதும், 55இல் கறுப்பு ஆடியதும். கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. ஆனால் முதல் இரண்டிலும் அடுத்து ஆட வேண்டியவர் கறுப்பு. மூன்றாவதில் அடுத்து ஆட வேண்டியவர் வெள்ளை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 9.2இன்படி ஒரே நிலை என்று சொல்ல வேண்டுமானால் அதே வகைக் காய்கள் அதே கட்டங்களில் நின்றால் மட்டும் போதாது. ஆடும் முறையும் அதே ஆளுக்கு இருக்க வேண்டும், அவரவருக்கு அனுமதிக்கப்பட்ட நகர்த்தல்களும் மாறாமல் இருக்க வேண்டும். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்தும் காஸ்லிங் உரிமையும், கடந்துபோகும் சிப்பாயை வெட்டும் உரிமையும்கூட இந்தக் கணக்கில் சேரும். இங்கே அவை இரண்டுக்கும் இடமில்லை. யாருடைய முறை என்பதுதான் இடறியது. 53க்கும் 55க்கும் நடுவில் வெள்ளை யானை ஏ7இலிருந்து சி7 போய் மீண்டும் ஏ7, அதாவது இரண்டே நகர்த்தல். கறுப்பு யானை ஜி6, எச்6, பி6, ஜி6 என்று மூன்று நகர்த்தல். அந்த ஒற்றை நகர்த்தல்தான் முறையை மாற்றிவிட்டது. பி6க்கு யானையைக் கொண்டுபோனதில் ஆட்ட ரீதியாக எந்தப் பிழையும் இல்லை, நிலை அப்போதும் டிராதான்.

ஆக, நிலை மூன்று முறை வரவில்லை. இரண்டு முறைதான் வந்தது. மூன்றாவது, அதைப் போலவே தோன்றும் வேறொரு நிலை. அவள் எப்போது சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்பதெல்லாம் தெரியாவிட்டாலும் இந்த முடிவு மாறாது. ஜி6ஐ முன்வைத்து எந்த முறையில் கோரியிருந்தாலும் நடுவர் தாளைச் சரிபார்த்து மறுத்திருக்க வேண்டியதுதான். நடுவர் மறுத்தது சரி.

அடுத்துச் சொல்லப்போவது உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். எனக்கும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. 55ஆவது நகர்த்தலில் வெள்ளை ஏ7க்குத் திரும்பியதும் கறுப்பு யானை பி6இல் நிற்கிறது. அங்கிருந்து ஜி6க்குப் பதிலாக ஒரு கட்டம் தள்ளி எச்6க்குப் போனால் என்ன நிலை வரும்? வெள்ளை யானை ஏ7, கறுப்பு யானை எச்6, ஆட வேண்டியவர் வெள்ளை. இதே நிலை 51இல் கறுப்பு ஆடியதும் வந்தது. 53இல் கறுப்பு ஆடியதும் வந்தது. 55இல் எச்6 ஆடினால் மூன்றாவது முறை, அடுத்து ஆட வேண்டியவர் யார் என்பது உட்பட எல்லாம் பொருந்தும். அவள் தேடிய டிரா அதே நகர்த்தலில், பக்கத்துக் கட்டத்தில் இருந்தது.

அதை எப்படிக் கோர வேண்டும் என்பதில்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் தவறிவிடுகிறார்கள், சொல்லிக்கொடுக்காதது எங்களைப் போன்ற பயிற்சியாளர்களின் குறை. இரண்டு வழிகள் உண்டு. எதிராளி ஆடியதால் மூன்றாவது முறை அந்த நிலை ஏற்கெனவே பலகையில் வந்துவிட்டது, இப்போது நம் முறை என்றால், எந்தக் காயையும் தொடாமல் கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைத்துச் சொல்லலாம். நாம் ஆடப்போகும் நகர்த்தலால்தான் மூன்றாவது முறை வரப்போகிறது என்றால், அந்த நகர்த்தலைத் தாளில் எழுத வேண்டும், பலகையில் ஆடக் கூடாது. எழுதிவிட்டுக் கடிகாரத்தை நிறுத்தி, “இதை ஆடப்போகிறேன், இதோடு மூன்றாவது முறை” என்று நடுவரிடம் சொல்ல வேண்டும். எழுதியதை அதன்பின் மாற்ற முடியாது. இரண்டு வழியிலும் நம் முறையில் மட்டுமே கோர முடியும். காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலில் கோரும் உரிமை போய்விடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நகர்த்தலை ஆடும் முன்பே எழுதக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். விதியும் அதையே சொல்கிறது. ஆனால் விதிவிலக்காக அனுமதிக்கப்படும் சூழல்களில் முக்கியமானது இப்படி டிரா கோரும் சமயம்தான். ஒழுங்கான பிள்ளை, சொன்னதைக் கேட்கிற பிள்ளை, முதலில் ஆடிவிட்டு, கடிகாரத்தை அழுத்திவிட்டு, அதன்பிறகு எழுதி, அதற்கும் பிறகு டிரா என்று சொல்லும். உங்கள் மகள் செய்ததும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இது ஊகம்தான், அழுந்திய பேனாவை வைத்துச் சொல்கிறேன். என் மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான்: “மக்களே, டிரா என்று மனசில் தோன்றியதும் கையை மடியில் வை. முதலில் தாளைப் பார், யாருடைய முறை என்று எண்ணு, பிறகு எழுது.”

டிரா கேட்பதும் டிரா கோருவதும் ஒன்றென்று நினைக்கிற பழக்கமும் இங்கே பரவலாக இருக்கிறது. எதிராளியிடம் “டிரா?” என்று கேட்பது ஒரு யோசனை மட்டும், அவர் வேண்டாம் என்று தலையாட்டினால் அங்கேயே முடிந்தது. அதைக்கூட நம் நகர்த்தலை ஆடிவிட்டு, கடிகாரத்தை அழுத்தும் முன் கேட்க வேண்டும். கோருவது என்பது நடுவர் முன்னால் உரிமையை நிறுவுவது. எதிராளியின் சம்மதம் அதற்குத் தேவையில்லை. ஓபன் போட்டியில் வயது வரம்பு கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், பொறியியல் கல்லூரி மாணவர், பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் அதிகாலையில் கிளம்பி வந்தவர் என்று எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். எதிரே நரைத்த தலை ஒன்று மூக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைக்க ஒரு சிறுமிக்குக் கூச்சம் வரத்தான் செய்யும். ஏதோ மரியாதைக் குறைவு போலத் தோன்றும். ஆகவே வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். வீட்டில் பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, பலகையில் அது பொருந்தாது என்று யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

“நடுவர் பக்கத்திலேயே நின்றிருந்தாராம், எச்6 ஆடு என்றோ, முறை தவறு என்றோ சொல்லியிருக்கலாமே” என்று கேட்பீர்கள். கூடாது. மூன்று முறை வந்த நிலையை நடுவர் கண்ணால் பார்த்தாலும் வாய் திறக்கக் கூடாது. அது ஆடுபவரின் உரிமை, அவர் பயன்படுத்தினால் உண்டு. ஐந்து முறை ஒரே நிலை வந்தால்தான் யாரும் கோராமலேயே ஆட்டம் டிராவாக முடியும். அதுபோல, சிப்பாய் நகராமலும் காய் வெட்டுப்படாமலும் இரு பக்கமும் ஐம்பது நகர்த்தல் ஆடினால் கோரலாம். எழுபத்தைந்து ஆனால் தானாக முடியும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் நடுவர் பேசாமல் நிற்பது, நிற்க வேண்டியபடிதான் நிற்கிறார் என்று பொருள்.

எதிராளிக்குக் கூட்டிக்கொடுத்த இரண்டு நிமிடம் பற்றி நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். முறைப்படி கோரி, கோரிக்கை தவறு என்று தெரிந்தால், எதிராளியின் மிச்ச நேரத்தில் இரண்டு நிமிடம் கூட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் அவள் எதிராளியின் முறையில் வாயால் மட்டும் சொல்லியிருந்தால் அது முறையான கோரிக்கையே ஆகாது. அப்போது அதைத் தொந்தரவாக எடுத்துக்கொண்டு எச்சரிக்கவோ நேரம் கூட்டவோ நடுவருக்கு அதிகாரம் உண்டு. நான் அங்கே நடுவராக இருந்திருந்தால், பதின்மூன்று வயதுப் பிள்ளை, முதல் முறை, எச்சரித்துவிட்டு விட்டிருப்பேன். அது என் இயல்பு. கூட்டியவரைத் தவறு என்று சொல்லவும் மாட்டேன். எப்படியும் அந்த இரண்டு நிமிடத்தால் ஆட்டம் தோற்கவில்லை.

தோற்றது 56இல். வெள்ளை சிப்பாயை ஈ6க்குத் தள்ளினார். சிப்பாய் நகர்ந்ததும் அதுவரை வந்த எல்லா நிலைகளும் காலாவதி. அவை மீண்டும் பலகையில் வர வழியே இல்லை, ஐம்பது நகர்த்தல் கணக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆனால் ஆட்டம் அப்போதும் டிராதான். இதுதான் பிலிதோர் சொன்ன கணம். யானை ஜி6இலிருந்து ஜி1க்கு இறங்க வேண்டும். வெள்ளை ராஜா டி6 வந்து, ஏ8இல் செக்மேட் என்று மிரட்டும். கறுப்பு டி1இல் செக். ராஜா ஈ5 போனால் ஈ1இல் செக், அங்கிருந்து எஃப்6 போனால் எஃப்1இல் செக். கறுப்பு யானை பலகையின் அந்தக் கோடியில் இருப்பதால் ராஜாவால் அதை நெருங்கி விரட்டவும் முடியாது. சிப்பாயை விட்டுத் தூரமாக ஓடினால் சிப்பாய் போய்விடும்.

அவள் ஆடியது எச்6. ஒரு நகர்த்தல் முன்னால் டிரா வாங்கித் தந்திருக்கக்கூடிய அதே கட்டம், ஒரு நகர்த்தல் தாமதமாகத் தோல்வி ஆனது. ஈ6இல் நிற்கும் சிப்பாய் இப்போது யானையின் பார்வையை மறைக்கிறது. டி6 திறந்துவிட்டது. வெள்ளை ராஜா டி6க்கு வந்தார், அடுத்து ஏ8இல் செக்மேட் என்ற மிரட்டலோடு. கறுப்பு ராஜா எஃப்8க்கு ஓடியது, ஏ8இல் செக், ஜி7க்கு விலகியது, வெள்ளை ராஜா ஈ7இல் வந்து சிப்பாய்க்கு முன்னால் நின்றது. அதன்பின் காப்பாற்ற வழியில்லை. எதிராளி அந்தப் பகுதியைச் சுத்தமாக ஆடியிருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும்.

ஏன் எச்6? ஆறாவது வரிசையில் யானையை ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும் என்பது பாடத்தின் முதல் பாதி. அவளுக்கு அது மட்டும் தெரிந்திருக்கலாம். அல்லது இரண்டு பாதியும் தெரிந்து, நடுவர் மறுத்த அந்தச் சில நிமிடங்களில் மனம் கலங்கிப் பழைய நகர்த்தலையே கை ஆடியிருக்கலாம். 56ஆவது வரியில் எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே சரிந்திருக்கிறது; அதைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. இதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. வீட்டில் அந்த நிலையைப் பலகையில் வையுங்கள். நீங்கள் வெள்ளை, அவள் கறுப்பு. சில நகர்த்தல் சும்மா யானையை நகர்த்திவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சிப்பாயை ஈ6க்குத் தள்ளுங்கள். அவள் யோசிக்காமல் முதல் வரிசைக்கு இறங்கினால் அறிவில் குறையில்லை, அன்று பதற்றம். இறங்காவிட்டால் அந்தப் பாதியைக் கற்றுக்கொடுக்க ஒரு மாலை போதும். கடிகாரத்தையும் தாளையும் கூட வைத்து ஆடச் சொல்லுங்கள். கோரிக்கை எழுப்புவதையும் அதிலேயே பழக்கிவிடலாம், நீங்களே நடுவராகவும் இருங்கள். மறுத்துப் பாருங்கள். மறுத்தபின் அடுத்த நகர்த்தலுக்கு அவள் எவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்று கவனியுங்கள். அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது விநாடி சேர்ந்துகொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே ஒரு மிடறு தண்ணீர் குடிக்க அவகாசம் இருந்திருக்கும்.

கடைசியாக, முறையிடலாமா என்பது. வேண்டாம். ஆட்டம் முடிந்து இருவரும் முடிவை எழுதித் தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், படத்தில் தெரிகிறது. பொதுவாக அதோடு முடிவு நிலைத்துவிடும். நடுவரின் தீர்ப்பை ஏற்கவில்லை என்றால் அப்போதே தலைமை நடுவரிடம் சொல்லி, போட்டி விதிகளில் இடமிருந்தால் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போயிருக்க வேண்டும். அதற்கென்று கால வரம்பும் கட்டணமும் வைத்திருப்பார்கள். நீங்கள் அப்போதே போயிருந்தாலும், மேலே சொன்ன காரணத்தால் தோற்றிருப்பீர்கள். ரேட்டிங் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள்: பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 2300க்குக் கீழே கே என்ற பெருக்கெண் 40, ஆகவே டிராவுக்கும் தோல்விக்கும் இடையிலான அரைப் புள்ளியின் விலை 20 ரேட்டிங் புள்ளி. சின்னத் தொகை இல்லை, ஆனால் அவள் வயதில் ஒரே போட்டியில் திரும்ப வந்துவிடக்கூடியதுதான்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இணைத்த படம் 51இலிருந்துதான் தொடங்குகிறது. தாளின் முதல் பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள். ஒரு சிப்பாய் குறைந்தது எங்கே என்று இன்னும் தெரியவில்லை. என் கணிப்பில் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். படம் வந்தால் அதையும் பார்த்து எழுதுகிறேன்.